பிபி மாற்றியும் ஏற்றத்தில் ‘கிட் கிட்’ சத்தம் போகவில்லை, இனி எங்கே தேடுவது?

ஏரிக்கரை, அல்சூர் | ஞாயிறு, பகல் 12:40

வணக்கம். இரண்டு மாதமாக ஒரே ஒரு சத்தத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். நான்கு வருஷம் ஓடிய அலுமினிய ரோடு பைக். முன்னால் 50 பல், 34 பல் என இரண்டு சக்கரம் (50-34), பின்னால் 9 கியர், 11 பல்லிலிருந்து 34 பல் வரை. மரை வைத்த சாதாரண பிபி (பாட்டம் பிராக்கெட், பெடல் கைகளான கிராங்கின் அச்சு சுற்றுகிற பேரிங்). சமதரையில் சாதுவாகப் போகும். ஏற்றம் வந்துவிட்டால் வலது கால் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் ‘கிட்’ என்று ஒரு சத்தம்.

இன்று விடியற்காலை அல்சூர் திருவள்ளுவர் சிலைக்கு முன்னால் நாலு பேர் கூடி, பெங்களூருக்கு வெளியே இருக்கிற நந்தி மலைக்குக் கிளம்பினோம். அடிவாரம் வரை பேச்சும் சிரிப்பும்தான். மலை ஏற ஆரம்பித்ததும் கிட், கிட், கிட். 1,478 மீட்டர் உச்சியைத் தொடும்வரை அது நிற்கவில்லை. அந்தப் பாதையில் காலையில் நம் மூச்சும் பறவைகளும்தான் கேட்க வேண்டும். எனக்கு அது வாய்க்கவே இல்லை.

போன மாதம் ஒரு கடையில் காட்டினேன். ஓட்டிக்கூடப் பார்க்காமல் “பிபி போயிடுச்சு” என்றார்கள். கூலியோடு 2,400 ரூபாய் கொடுத்து மாற்றினேன். வீடு வந்து சேர்வதற்குள் சத்தம் திரும்பிவிட்டது. இப்போது கிராங்க் செட்டையே மாற்றச் சொல்கிறார்கள். குனிந்து கேட்டால் கிராங்க் பக்கம்தான் கேட்கிறது, அதனால் மாற்றிவிடலாமா என்றும் தோன்றுகிறது. அதற்கு முன் இங்கே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன்.

பால்ரஸ், ராமமூர்த்தி நகர் | ஞாயிறு, பகல் 1:25

தம்பி, கிராங்கில் கை வைக்காதீர்கள்.

சைக்கிள் ஃப்ரேம் என்பது உள்ளே வெறும் காற்று இருக்கிற குழாய்கள். நாதஸ்வரம் மாதிரி. ஒரு மூலையில் முனகினால் இன்னொரு மூலையில் கேட்கும். ஓட்டுகிறவர் காது எப்போதும் மேலே, கொஞ்சம் முன்னால் இருக்கிறது. அந்த இடத்திலிருந்து கேட்டால் எல்லாச் சத்தமும் பிபியில் இருந்து வருகிற மாதிரியே இருக்கும். பாவம், பாதி பிபிகள் அடுத்தவர் குற்றத்துக்காகத்தான் கழற்றப்படுகின்றன.

எங்கள் அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். ஓவராயிலுக்கு வருகிற வண்டியில் சத்தம் என்று யாராவது சொன்னால் “எங்கே வருது?” என்று கேட்கவே மாட்டார். “எப்போ வருது?” என்றுதான் கேட்பார். நானும் அதையே கேட்கிறேன். சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தால் வருகிறதா? மிதிப்பதை நிறுத்தி உருளவிட்டால் வருகிறதா? வண்டியை நிறுத்தி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை முன்னும் பின்னும் ஆட்டினால்? இடது காலை எடுத்துவிட்டு வலது காலால் மட்டும் மிதித்தால்? வேறு ஷூ போட்டுக்கொண்டு ஓட்டிப் பார்த்தீர்களா?

எழுந்து நின்றதும் சத்தம் நின்றால் சீட்டு, சீட்டின் இரண்டு கம்பிகளைப் பிடிக்கிற கிளாம்ப், சீட் போஸ்ட், இவற்றைத் தாண்டிப் போகவே வேண்டாம். உருளும்போதும் வந்தால் சக்கரம். ஹேண்டிலை ஆட்டும்போது வந்தால் ஹெட்செட் (ஹேண்டில் திரும்புகிற பேரிங்), ஸ்டெம் (ஹேண்டிலைப் பிடிக்கிற துண்டு). இந்த ஐந்து கேள்விக்கும் பதில் வந்த பிறகு ஸ்பானரை எடுக்கலாம்.

மர்பிடவுன்_ஜோ | ஞாயிறு, பகல் 2:10

நான் இவ்வளவு யோசிக்க மாட்டேன். டபிள்யூடி-40 கேனை எடுத்து பிபி, பெடல், சீட் போஸ்ட், சக்கர நடுவிலிருக்கிற ஹப் எல்லா இடுக்கிலும் அடிப்பேன். எனக்கு இரண்டு முறை சத்தம் நின்றிருக்கிறது.

தேவி_ஹெப்பால் | ஞாயிறு, பகல் 2:48

ஜோ, நின்றது எத்தனை நாளைக்கு? அந்தப் பெயரே தண்ணீரை விரட்டுவது என்ற பொருளில், நாற்பதாவது முயற்சியில் கிடைத்த கலவைக்கு வைத்தது. துருப்பிடித்த போல்ட்டை இளக்க அது அருமையான சரக்கு. ஆனால் பேரிங் பக்கம் அடித்தால் உள்ளே இருக்கிற கிரீஸைக் கரைத்துவிடும். டிஸ்க் பிரேக் வண்டியாக இருந்தால் ரோட்டர் தட்டில் ஒரு துளி பட்டாலும் போச்சு, பிரேக் பேடை மாற்ற வேண்டியதுதான்.

அதைவிட முக்கியமானது ஒன்று. எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் அடித்துச் சத்தம் நின்றால், எது நிறுத்தியது என்றே தெரியாது. மூன்று வாரம் கழித்துத் திரும்ப வரும்போது ஆரம்பித்த இடத்திலேயே நிற்போம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தொட வேண்டும். தொட்டதும் அதே ஏற்றத்தில், அதே கியரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். நான் எங்கள் அடுக்ககத்தின் பார்க்கிங் சரிவைத்தான் இதற்கு வைத்திருக்கிறேன். நாற்பது அடி நீளம்தான், ஆனால் சுவர் எதிரொலிப்பதால் சின்னச் சத்தமும் தப்பாது. சாலையில் லாரிக்கும் மெட்ரோ வேலைக்கும் நடுவில் எதையும் கேட்க முடியாது.

ஏரிக்கரை, அல்சூர் | ஞாயிறு, இரவு 9:15

பால்ரஸ் அண்ணா, நீங்கள் கேட்டதையெல்லாம் செய்து பார்த்தேன். நின்று மிதித்தாலும் வருகிறது, இன்னும் பலமாக. உருளவிட்டால் சுத்தமாக இல்லை. ஹேண்டிலை ஆட்டினால் ஒன்றுமில்லை. வலது காலால் மட்டும் மிதித்தாலும் வருகிறது. செருப்புப் போட்டு ஓட்டினேன், அப்போதும் வருகிறது. பெடல் இரண்டையும் கழற்றி மரையைத் துடைத்து கிரீஸ் தடவி இறுக்கினேன். மாற்றமில்லை.

சீட்டு இல்லை, ஹெட்செட் இல்லை, ஷூ இல்லை, பெடல் இல்லை. சக்கரமும் இல்லை என்றுதானே அர்த்தம்? அப்படியானால் மறுபடி கிராங்கில்தானே வந்து நிற்கிறது?

அதிர்வெண், பீன்யா | திங்கள், காலை 6:50

சக்கரத்தை இன்னும் விடுதலை செய்ய வேண்டாம். உருளும்போது சக்கரத்தின் மேல் உங்கள் எடை மட்டும்தான் இருக்கிறது. மிதிக்கும்போது செயின் இழுவையும் சேர்கிறது. இழுவை இருந்தால்தான் பேசுகிற சத்தம் உருளும்போது வாயைத் திறக்காது.

நான் தொழிற்சாலையில் இயந்திரங்களின் அதிர்வை அளக்கிற வேலை செய்கிறேன். அங்கே முதலில் பிரிப்பது இதைத்தான்: சுற்றினால் வருகிற சத்தம் வேறு, சுமையால் வருகிற சத்தம் வேறு. நாம் மிதிக்கும்போது விசை சீராக வருவதில்லை. கிராங்க் தரைக்குச் சமமாக முன்னால் நீட்டியிருக்கும்போது உச்சம், மேலேயும் கீழேயும் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதனால் வண்டியில் எந்த மூலையில் தளர்வு இருந்தாலும் அது மிதிக்கும் தாளத்தில்தான் சத்தம் போடும். ‘பெடல் சுற்றுக்கு ஒரு முறை’ என்பது கிராங்குக்கு எதிரான சாட்சியே இல்லை.

இன்னொன்று. நந்தி மலையில் எந்தக் கியரில் ஏறினீர்கள்? முன்னால் 34, பின்னால் 34 என்றால் பெடல் ஒரு சுற்று, சக்கரமும் சரியாக ஒரு சுற்று. இரண்டையும் பிரிக்கவே முடியாது. பின்னால் 17 பல்லுக்குப் போங்கள். அப்போது பெடல் ஒரு முறை சுற்றினால் சக்கரம் இரண்டு முறை சுற்றும். சத்தம் இரட்டித்தால் சக்கரம் சுற்றுவதால் வருகிறது. இரட்டிக்காமல் பெடலோடு போனால் சுமையால் வருகிறது.

செயினில் ஒரு கண்ணி இறுகியிருந்தால் தாளமே வேறு. 108 கண்ணி உள்ள செயினை 34 பல் சக்கரம் இழுத்தால் அதே கண்ணி திரும்பிவர மூன்று சுற்றுக்குக் கொஞ்சம் மேலே ஆகும். எண்ணிக்கொண்டே மிதித்தால் அது தெரிந்துவிடும்.

ஏரிக்கரை, அல்சூர் | செவ்வாய், காலை 7:05

34-34 தான் சார். முழு மலையும் அதில்தான் ஏறினேன். இன்று காலை சரிவில் 34-17 போட்டுப் பார்த்தேன். இரட்டிக்கவில்லை. வலது காலோடுதான் வருகிறது.

அதிர்வெண், பீன்யா | செவ்வாய், காலை 8:20

சரி, அப்போது சுமைதான். இப்போது ஒரு சின்னக் கணக்கு. உங்கள் கிராங்க் 170 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 34 பல் சக்கரத்தின் ஆரம் சுமார் 69 மில்லிமீட்டர். பெடலில் 60 கிலோ அழுத்தினால் செயினில் ஏறக்குறைய 148 கிலோ இழுவை. அதே 60 கிலோவை 50 பல் சக்கரத்தில் அழுத்தினால் சுமார் 101 கிலோதான். காலின் அழுத்தம் ஒன்று, செயின் இழுவை மட்டும் வேறு.

இதை வைத்தே சோதிக்கலாம். ஒரே ஆள், ஒரே அழுத்தம், முதலில் 34, பிறகு 50. சத்தம் இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் கால் தொடுகிற பக்கம் பாருங்கள்: பெடல், கிராங்க் கை, அதைப் பிடிக்கிற போல்ட். 50-ல் குறைந்தால் செயின் இழுக்கிற வழியில் பாருங்கள்: செயின்ரிங் (முன் பல்சக்கரம்) போல்ட், கேசட் (பின் பல்சக்கர அடுக்கு), பின் சக்கரம், அதைத் தாங்குகிற ஃப்ரேம் முனையான டிராப் அவுட். கேசட்டைப் பூட்டுகிற லாக்ரிங் தளர்ந்திருப்பதும் சகஜம்தான், அதற்கு 40 நியூட்டன் மீட்டர் இறுக்கம் வேண்டும், கைப்பலத்தில் மதிப்பிட்டால் பெரும்பாலும் குறைவாகத்தான் போகும்.

இந்தச் சத்தம் எப்படிப் பிறக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டு உலோகப் பரப்புகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கும்போது, அசையாமல் இருக்கையில் உராய்வு அதிகம், நழுவத் தொடங்கியதும் உராய்வு குறைவு. சுமை ஏறும்போது முதலில் ஒட்டிக்கொண்டு தாங்கும். ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் சட்டென்று மயிரிழை நழுவும், மறுபடி ஒட்டும். அந்த நழுவல்தான் ‘கிட்’. கண்ணால் பார்க்க முடியாத தூரம். அதனால் மருந்தும் இரண்டே: நழுவவே முடியாதபடி சரியான இறுக்கம், அல்லது நழுவினாலும் ஓசை வராதபடி நடுவில் கிரீஸ். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வேண்டும்.

கார்பன்_குமார், சர்ஜாப்பூர் ரோடு | செவ்வாய், பகல் 1:30

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு பிரஸ்ஃபிட் பிபி, கார்பன் ஃப்ரேம். இதே மாதிரி சத்தம். மரையே இல்லாததால் இறுக்க வழியில்லை. என்ன செய்வது?

தேவி_ஹெப்பால் | செவ்வாய், பகல் 2:15

குமார், நீங்கள் முதலில் மேலே பால்ரஸ் சார் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பாருங்கள். பிரஸ்ஃபிட் என்றாலே எல்லோரும் அதன்மேல் பழி போடுகிறார்கள். 2000ஆம் ஆண்டு கேனன்டேல் கம்பெனி பிபி30 என்ற மரையில்லாத அளவைக் கொண்டுவந்ததிலிருந்து இந்தப் பேச்சு ஓயவில்லை. அதில் பாதி உண்மை உண்டு: மரை இல்லாமல் வெறும் இறுக்கத்தால் உட்காருகிற பேரிங் கப், துளை கொஞ்சம் வட்டம் தவறினாலும் அசையும். நிஜமாகவே அதுதான் என்றால் கழற்றி, துளையையும் கப்பையும் சுத்தமாகத் துடைத்து, ஃப்ரேம் கம்பெனி சொல்கிற ரிடெய்னிங் காம்பவுண்ட் என்ற பிடிப்புப் பசை போட்டு அடிக்க வேண்டும். இல்லையென்றால் நடுவில் ஒன்றோடொன்று மரையால் இணைகிற வகைக் கப் கிடைக்கிறது, அது நல்ல தீர்வு. டி47 என்று பெரிய மரை வைத்த அளவுக்குப் பல கம்பெனிகள் போய்விட்டதற்கும் இதுதான் காரணம்.

கார்பன் சீட் போஸ்டுக்குத் தயவுசெய்து கிரீஸ் தடவாதீர்கள். அதற்கென்று நறநறவென்று மணல் கலந்த மாதிரி பேஸ்ட் இருக்கிறது, அதைத்தான் தடவ வேண்டும்.

பேப்பர்_பாபு, கே.ஆர். புரம் | செவ்வாய், மாலை 5:40

எல்லோரும் கியர் வண்டி பற்றிப் பேசுகிறீர்கள். என்னுடையது பழைய ரோட்ஸ்டர், பேப்பர் போடுகிற வண்டி. தினமும் காலை நாலு மணிக்கு நாற்பது கிலோ கட்டோடு கிளம்புகிறேன். ஒரு வாரமாக இடது பெடல் மேலே வந்து இறங்கும்போது ‘கடக்’ என்று காலில் ஒரு உதை. கேட்பது மட்டுமில்லை, காலிலேயே தெரிகிறது. இதற்கும் இந்தக் கணக்கெல்லாம் உண்டா?

பால்ரஸ், ராமமூர்த்தி நகர் | செவ்வாய், மாலை 6:30

பாபு, உங்களுக்குக் கணக்கே வேண்டாம், அது காட்டர் பின், கிராங்கை அச்சோடு பூட்டுகிற ஆப்பு. காலில் உதை தெரிகிறது என்றால் கிராங்க் அச்சின் மேல் ஆடுகிறது. இதை இப்படியே ஓட்டினால் பின் மட்டுமில்லை, கிராங்கின் துளையும் தேய்ந்து கிராங்கையே தூக்கிப் போட வேண்டிவரும். நாளைக்கே பாருங்கள்.

நட்டை மட்டும் இறுக்கி ஓட்டாதீர்கள். நட்டு இழுப்பதற்கு இல்லை, பின் வெளியே வராமல் பிடித்துக்கொள்வதற்குத்தான். பின்னை அடித்து உட்காரவைக்க வேண்டும். அடிக்கும் முன் கிராங்குக்குக் கீழே ஒரு இரும்புக் குழாயையோ கனத்த கட்டையையோ தரையிலிருந்து முட்டுக் கொடுங்கள். முட்டு இல்லாமல் சுத்தியால் அடித்தால் அந்த அடி முழுக்க உள்ளே இருக்கிற பால்ரஸ் குண்டுகளுக்குப் போய், கப்பில் குழி விழுந்துவிடும். அப்புறம் எத்தனை கிரீஸ் வைத்தாலும் கரகரவென்றுதான் சுற்றும். எங்கள் கடையில் ஒரு பையன் அப்படி அடித்ததற்கு அப்பா அன்றைக்கு முழுக்க அவனைச் சுத்தியைத் தொடவிடவில்லை.

பழைய பின்னின் சாய்ந்த முகத்தில் ஒரு கோடு மாதிரி பள்ளம் தெரிந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள். புதுப் பின்னின் முகத்தை அரத்தால் தட்டையாகத் தேய்த்து, அச்சின் வெட்டோடு முழுதாகப் படிகிறதா என்று பார்த்துப் போட வேண்டும். அங்கங்கே மட்டும் தொட்டால் பத்து நாளில் திரும்ப ஆடும். இரண்டு பக்கப் பின்னும் ஒரே திசையில் வரக்கூடாது. ஒன்றின் நட்டு மேலே பார்த்தால், அதே நிலையில் மற்றதன் நட்டு கீழே பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பெடலும் நேர்கோட்டில் நிற்காது. அடித்துவிட்டு ஒரு நாள் ஓட்டிய பிறகு மறுபடி முட்டுக் கொடுத்து ஒரு தட்டு, நட்டில் ஒரு இறுக்கு.

தேவி_ஹெப்பால் | செவ்வாய், இரவு 8:05

ஏரிக்கரை, அதிர்வெண் சொன்ன சோதனையை ஓட்டிக்கொண்டே செய்ய முடியாது. 50-க்கு மாற்றினால் அதே ஏற்றத்தில் காலும் அதிகமாக அழுத்த வேண்டிவரும், கணக்குக் கலைந்துவிடும். நின்ற இடத்தில் செய்யுங்கள். ஒருவர் ஹேண்டிலைப் பிடித்து இரண்டு பிரேக்கையும் முழுதாக அழுத்திக்கொள்ளட்டும். வலது பெடல் முன்னால், தரைக்குச் சமமாக. இன்னொருவர் அதில் கால் வைத்து மெல்ல மெல்ல அழுத்தி எடுக்கட்டும். நீங்கள் உட்கார்ந்து விரல் நுனியால் ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பாருங்கள். காது ஏமாறும், விரல் ஏமாறாது. சத்தம் பிறக்கிற இடத்தில் தோலில் சுரீர் என்று தெரியும்.

ஏரிக்கரை, அல்சூர் | புதன், இரவு 11:20

கண்டுபிடித்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். விவரமாக எழுதுகிறேன், இன்னொருவருக்கு உதவும்.

இரவு ஒன்பது மணிக்கு மேல் பார்க்கிங்கில் சத்தம் அடங்கிய பிறகு ஆரம்பித்தோம். மனைவி ஹேண்டிலைப் பிடித்து பிரேக்கை அழுத்தினாள். மச்சான் பெடலில் கால் வைத்தார். 34-ல் அழுத்தியதும் ‘கிட்’ என்று தெளிவாக வந்தது. இரண்டு மாதத்தில் முதல் முறையாக, வண்டி நகராமல் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். 50-க்கு மாற்றி அதே கால், அதே அழுத்தம். சத்தம் ஏறக்குறைய இல்லை. மூன்று முறை மாற்றி மாற்றிச் செய்தோம், மூன்று முறையும் அப்படியே.

பிறகு விரல். கிராங்க் கையில் வைத்தேன், ஒன்றுமில்லை. பிபி கப்பில் வைத்தேன், லேசாக ஒரு துடிப்பு. செயின் ஸ்டேயில் (பிபியிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகிற குழாய்) கை நகர நகரத் துடிப்பு கூடியது. கடைசியில் பின் சக்கரத்தின் வலது பக்கம், ஆர்டி (பின் கியர் மாற்றி) தொங்குகிற ஹேங்கர் என்ற குட்டித் துண்டும் ஃப்ரேமும் சேருகிற இடுக்கில் கட்டை விரலை வைத்தேன். மச்சான் அழுத்தினார். நகத்துக்கு அடியில் ஊசியால் குத்தியது மாதிரி இருந்தது. இடது பக்க டிராப் அவுட்டில் வைத்தால் எதுவுமே இல்லை.

எனக்கு இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது. என் காது கிராங்க் என்று அடித்துச் சொன்னது. அங்கிருந்து ஒன்றரை அடி பின்னால் இருக்கிறது இது.

அதிர்வெண், பீன்யா | வியாழன், காலை 6:45

பொருந்துகிறது. செயின் வண்டியின் வலப்பக்கம் இருக்கிறது, அது சக்கர அச்சான ஆக்சிலின் வலது முனையை முன்னால் இழுக்கிறது. அந்த முனை உட்காருவது ஹேங்கரும் டிராப் அவுட்டும் சேருகிற இடத்தில்தான். ஒவ்வொரு மிதிக்கும் அந்த 148 கிலோ அங்கே போய் முட்டுகிறது. வலது கால் மிதிக்கும்போது மட்டும் கேட்பதற்குக் காரணம், இரண்டு காலுக்கும் ஃப்ரேம் ஒரே மாதிரி முறுக்கிக்கொள்வதில்லை.

கழற்றும் முன், சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கிற குயிக் ரிலீஸ் லீவர் எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். லீவர் பாதி வழியிலேயே எதிர்க்க ஆரம்பித்து, மூடி முடித்ததும் உள்ளங்கையில் தடம் பதிய வேண்டும். சில நேரம் அதைச் சரியாக மூடினாலே வேலை முடிந்துவிடும்.

ஏரிக்கரை, அல்சூர் | வெள்ளி, இரவு 10:10

முதலில் குயிக் ரிலீஸை மட்டும் இறுக்கிச் சரிவில் ஓட்டினேன். சத்தம் குறைந்தது, போகவில்லை. அதன் பிறகுதான் சக்கரத்தைக் கழற்றி ஹேங்கரைத் தொட்டேன்.

இரண்டு குட்டி போல்ட், 2.5 எம்எம் ஆலன் கீ. ஒன்று கால் சுற்றுத் தளர்ந்திருந்தது. ஆர்டியை வயரோடு தொங்கவிட்டு ஹேங்கரை உருவினால், உள்முகம் முழுக்கச் சாம்பலும் கறுப்பும் கலந்த பசை. விரலில் தேய்த்தால் பென்சில் தூள் மாதிரி மழமழவென்று இருந்தது, நடுவில் மணல் நறநறத்தது. மழைத் தண்ணீரும் அவுட்டர் ரிங் ரோடு தூசியும் நாலு வருஷம் சேர்ந்து அரைத்த அலுமினியப் பொடி அது. ஃப்ரேம் பக்கத்திலும் அதே தடம், ஒரு ஓரத்தில் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. அங்கேதான் உரசியிருக்கிறது.

பழைய துணியால் துடைத்து, ஸ்பிரிட் தொட்டு மறுபடி துடைத்தேன். எஸ்.ஜே.பி. ரோட்டில் வாங்கி வைத்திருந்த எம்பி3 கிரீஸை மெல்லிசாக, ஈரம் தெரிகிற அளவுக்கு மட்டும் இரண்டு முகத்திலும் தடவினேன். போல்ட் மரையில் நீல நிற லாக் பசை ஒரு சொட்டு. ஆக்சில் நட்டு வந்து கவ்வுகிற பரப்பையும் துடைத்தேன். குயிக் ரிலீஸ் லீவரின் உருளை அச்சில் ஒரு சொட்டு எண்ணெய், இது அப்பா காலத்துப் பழக்கம்.

பார்க்கிங் சரிவில் ஆறு முறை ஏறி இறங்கினேன். உட்கார்ந்து, நின்று, 34-34, 34-17. ஒன்றும் இல்லை. செயின் பல்லில் உட்காருகிற மெல்லிய ஓசை மட்டும். என் வண்டிக்கு அப்படி ஒரு ஓசை இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

பால்ரஸ், ராமமூர்த்தி நகர் | வெள்ளி, இரவு 10:40

மனசு நிறைந்துவிட்டது தம்பி. ஹேங்கரைக் கழற்றி மாட்டியிருப்பதால் கியர் ஒரு பல் முன்னே பின்னே இருக்கலாம். வயர் இழுவையைக் கொஞ்சம் திருத்துங்கள். முக்கியமாக, கடைசிப் பெரிய பல்லில் ஆர்டி போய் ஸ்போக்ஸைத் தொடவில்லை என்று கையால் சுற்றிப் பார்த்துவிட்டு மலைக்குப் போங்கள்.

தேவி_ஹெப்பால் | சனி, காலை 6:15

ஏரிக்கரைக்கு மகிழ்ச்சி. இந்த இழையைப் படிக்கிறவர்களுக்கு என் கதையையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இது வேறு மாதிரி முடிந்தது.

மார்ச்சில் என் வண்டியில் உட்கார்ந்து மிதித்தால் மட்டும் ஒரு முனகல். பாடத்தில் உள்ளபடி சீட் போஸ்டைக் கழற்றி, துடைத்து, கிரீஸ் தடவி, உயரக் குறியில் டேப் ஒட்டி மாட்டினேன். சத்தம் போய்விட்டது. 200 கிலோமீட்டர் பிரெவே (நேர வரம்புள்ள நெடுந்தூர ஓட்டம்) ஒன்றும் அதில் முடித்தேன். 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டிய ஓட்டம் அது, வழியில் ஒரு சத்தமும் இல்லை.

இரண்டு வாரத்தில் முனகல் திரும்பி வந்தது. மறுபடி கிரீஸ் வைத்தேன், இந்த முறை நான்கு நாள்தான் தாங்கியது. சுத்தமான அலுமினிய ஃப்ரேம், தளர்வு எதுவும் இல்லை, பிறகு ஏன்? வெள்ளைத் துணியால், போஸ்ட் நுழைகிற சீட் டியூபை அழுத்தித் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். கிளாம்புக்குக் கீழே, பின்பக்க வெட்டு முடிகிற இடத்திலிருந்து கறுப்பாக ஒரு முடி. துடைத்தால் போகவில்லை. நகத்தை வைத்து இழுத்தேன், நகம் மாட்டியது. விரிசல்.

காரணமும் என்னுடையதுதான். உயரம் வேண்டும் என்று சீட் போஸ்டை, குறைந்தது இதுவரை உள்ளே இருக்க வேண்டும் என்று அதில் போட்டிருக்கிற கோட்டுக்கும் மேலே இழுத்து வைத்திருந்தேன். போஸ்ட், மேல் குழாயான டாப் டியூப் சேருகிற இடத்துக்குக் கீழே வரை இறங்கியிருக்க வேண்டும். மேலேயே நின்றுவிட்டதால் என் எடை முழுக்க அந்த மூன்று விரற்கடைக் குழாயை ஒவ்வொரு மிதிக்கும் பின்னால் நெம்பிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் வைத்த கிரீஸ் சத்தத்தை அடக்கியது, விரிசல் வளர்ந்துகொண்டிருந்தது.

அன்றே ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். ஆகவே கேட்டுக்கொள்கிறேன்: கிரீஸ் வைத்தும் ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் மூன்றாவது முறை கிரீஸ் டப்பாவைத் திறக்காதீர்கள். வண்டியைக் கழுவி, வெளிச்சத்தில் ஃப்ரேமைப் பாருங்கள். பிபி சுற்றுப்புறம், செயின் ஸ்டே வெல்டிங், சீட் டியூப் மேல்முனை, எல்லாவற்றையும்விட ஹெட் டியூபுக்கு (ஹேண்டில் நுழைகிற முன் குழாய்) பின்னால், அங்கிருந்து பிபிக்கு இறங்குகிற டவுன் டியூபின் அடிப்பக்கம். அங்கே விட்டால் முன்சக்கரம் கையைவிட்டுப் போய்விடும், நந்தி மலை இறக்கத்தில் அது நடந்தால் பிழைப்பது கஷ்டம். அலுமினியத்தில் கறுப்புக் கோடாகத் தெரியும். இரும்பு ஃப்ரேமில் பெயின்ட்டுக்கு மேலே துருக்கோடாகத் தெரியும்.

மர்பிடவுன்_ஜோ | சனி, காலை 9:30

தேவி அக்கா, படித்ததும் கீழே போய் என் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். போஸ்டின் கோடு குழாய்க்குள்ளே ஒரு இஞ்ச் கீழேதான் இருக்கிறது, விரிசல் எதுவும் இல்லை. ஆனால் இரண்டு முறை ஸ்பிரே அடித்து நிறுத்திய சத்தம் எதிலிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அது இப்போது உறுத்துகிறது. நாளைக்குப் போஸ்ட், பெடல், பிபி மூன்றையும் துடைத்து ஒழுங்காகக் கிரீஸ் வைக்கிறேன். பிபி எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்?

பால்ரஸ், ராமமூர்த்தி நகர் | சனி, பகல் 11:00

ஜோ, மூன்றையும் ஒரே நாளில் வேண்டாம், ஒவ்வொன்றாக. வழக்கமான பிஎஸ்ஏ மரையாக இருந்தால் பிபியின் வலது கப் எதிர் மரை (கடிகாரத் திசையில் திருப்பினால் கழலும்), இடது கப் சாதாரண மரை. பெடலில் நேர்மாறு: இடது பெடல்தான் எதிர் மரை. இதைக் குழப்பிக்கொண்டு நெம்பிப் பலர் மரையைக் கெடுத்திருக்கிறார்கள். கப் கையாலேயே மூன்று நாலு சுற்று உள்ளே போக வேண்டும், போகவில்லை என்றால் கோணலாக ஏறுகிறது, உடனே வெளியே எடுங்கள். மரையில் டெஃப்லான் டேப் சுற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். தேய்ந்த மரைக்கு அது உதவும். நல்ல மரைக்கு எனக்குக் கிரீஸ்தான் பிடிக்கும்.

ஏரிக்கரை, அல்சூர் | ஞாயிறு, பகல் 1:10

இன்று காலை நந்தி. அதே நாலு பேர், அதே 34-34. உச்சி வரை ஒரு ‘கிட்’ கூட இல்லை. கடைசி வளைவுகளில் யாரும் பேசவில்லை, எனக்கு டயர் தாரில் உருள்வது கேட்டது.

தேவி அக்கா, உங்கள் ஃப்ரேம் என்ன ஆயிற்று?

தேவி_ஹெப்பால் | ஞாயிறு, பகல் 2:00

கோட்டைத் தாண்டி இழுத்ததால் வாரன்டி கிடையாது என்றார்கள், அது நியாயம்தான். ஒரு அளவு பெரிய ஃப்ரேம் வாங்கி, பழைய பாகங்களையே மாற்றி மாட்டிக்கொண்டேன். போஸ்ட் இப்போது பத்து சென்டிமீட்டர் உள்ளே இருக்கிறது.

பேப்பர்_பாபு, கே.ஆர். புரம் | ஞாயிறு, மாலை 4:45

பால்ரஸ் அண்ணா, இடது பின்னைக் கழற்றினேன். நீங்கள் சொன்ன பள்ளம் அப்படியே இருந்தது, நகம் பாதி உள்ளே போகிறது. புதுப் பின் வாங்கி அரத்தால் தேய்த்து, தண்ணீர்க் குழாய்த் துண்டை முட்டுக் கொடுத்து அடித்தேன். இன்று காலை நாற்பது கிலோ கட்டோடு மேம்பாலம் ஏறினேன், காலில் உதை இல்லை. வலது பின்னும் அதே வயசுதான். நாளைக்குக் காலை லைன் முடித்துவிட்டு வந்து அதையும் மாற்றுகிறேன்.